வைரஸ் கிருமி உடனே நீக்கப்படும்!

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு ஓர் ஆடு வந்தது.

தானாக வரவில்லை. தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வாசல் படியில் ஆட்டை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இங்கதான வைரஸ் எடுக்கறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்குப் பழகிவிட்டது.

"ஐயா, இது கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற கடை. நாங்க எடுக்கறது கம்ப்யூட்டருக்கு வர்ற வைரஸ். ஆட்டுக்கு நீங்க மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

பெரியவர் அசரவில்லை. மேஜைமேல் இருந்த பெட்டியைக் கையால் காட்டினார்.

"அதான் மிஷின் கீதே... அதுல வச்சிப் பாத்து இன்னா நோவுன்னு சொல்லேன்பா. தீனியே எடுக்க மாட்டேங்குது."

கம்ப்யூட்டர் அதைச் செய்யும், இதைச் செய்யும், ஜாதகம்கூடக் கணிக்கும் என்று பத்திரிகைகளில் எழுதித் தள்ளுவது என்னைப் போன்ற எழுத்தாளர்கள்தானே! ஆட்டைப் பார்த்து வியாதியையும் சொல்லிவிடும் என்று ஒருவர் நம்பினால் அவர்மேல் என்ன தப்பு?

என் வீட்டுக்காரர் அந்தப் பெரியவரோடு தெருக்கோடி வரை நடந்து போய், மாட்டாஸ்பத்திரிக்கு வழி காட்டிவிட்டுத் திரும்பி வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

சிரித்துக்கொண்டே... அதைத்தான் கவனித்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் இதே கேள்வியை யாராவது கேட்டால் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

இந்த வருஷம் எங்கள் ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளிலும் எழுதிவிட்டார்கள். மே மாதத் தேர்தல் கூட்டத்தில் வெடித்த குண்டைப் பற்றித்தான். அது பெரிய துக்கம். அதை எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது எங்கள் பஜாரில், ஓர் ஒற்றை அறைக் கடையில் நடந்த சின்ன விஷயம்.

கடைக்குப் பெயர் இருக்கிறது. இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும். ஆசிரியர் வெட்டிவிடுவார். அதனால் 'எங்கள் கடை' என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஞானசேகரன், சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயராக இருந்தவர். வேலை என்னவோ சென்னையில்தான். ஆனால் பாதி நாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மறைமலை நகர், மண்ணூர், ஒரகடம் என்று சுற்றிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் இருக்கிற தொழிற்சாலைகளில் இப்போது கணக்குப் பார்க்க, சம்பளப் பட்டியல் போட, கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதற்கென்று ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கர்ப்பக்கிரகம் மாதிரி!

அந்தச் சாமி ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டால்? சென்னைக்குப் போன் போட வேண்டும். லைன் கிடைக்க வேண்டும். அங்கே இன்ஜினீயருக்கு நேரம் இருக்க வேண்டும். அவர் பஸ் பிடித்து வருவதற்குள் மூன்று நான்கு நாள் ஓடிவிடும். அதுவரை குமாஸ்தாக்கள் பழைய பேரேட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருப்பார்கள்.

"மெட்ராஸ்லேர்ந்து ஏன் வரணும்? இங்கயே ஒரு ஆள் இருந்தா?" என்று ஒருநாள் என் வீட்டுக்காரருக்குத் தோன்றியது.

நியாயமான யோசனைதான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வேலையை விட்டார். ஆனி மாதம் கடையைத் திறந்தோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். பக்கத்து சைக்கிள் கடைக்காரருக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம்.

அப்புறம் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்தோம்... உட்கார்ந்துகொண்டே இருந்தோம்.

இந்தப் பத்திரிகையில் வருகிற என் பத்தியைச் சில மாதங்களாக நான் எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கடையில்தான். எழுதுவதற்கு அத்தனை தோதான இடம் ஜில்லாவில் வேறு கிடையாது. ஈ, காக்காய் வராது. வெயில் சாய்ந்து, தெருவில் நிழல் நீளுகிற வரை நானும் அவரும் ஆளுக்கொரு நாற்காலியில். "சாயந்திரம் யாராவது வருவாங்க" என்பார். சாயந்திரம் வந்தால், "நாளைக்கு வருவாங்க" என்பார்.

கம்பெனிகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார். ஆனால் கம்பெனிக்குள் போக வேண்டுமானால் முதலில் கேட்டைத் தாண்ட வேண்டுமே! மண்ணூரில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்கிற கம்பெனி ஒன்று. அங்கே வாட்ச்மேன் முனுசாமி. என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"கம்ப்யூட்டர்காரங்கன்னா மெட்ராஸ்லேர்ந்து டை கட்டிகினு கார்ல வருவாங்க சார். நீ இன்னா, ஸ்கூட்டர்ல வந்து நிக்கிற?"

"இங்க பக்கத்துலதாங்க கடை. அதான் ஸ்கூட்டர்."

"கார்டு இருந்தா குட்த்துட்டுப் போ. சார் கேட்டா குடுக்கறேன்."

அந்த 'சார்' கேட்கவே இல்லை. எங்கே கேட்பார்? எந்தக் கேட்டிலும் இதே கதைதான்.

பேப்பரில் விளம்பரம் போட வசதி இல்லை. செலவில்லாமல் எப்படி ஊருக்குச் சொல்வது? சினிமாக் கொட்டகையில் ஸ்லைடு போடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். போட்டோம். பார்க்கவும் போனோம். இடைவேளையில்தான் ஸ்லைடு காட்டினார்கள். ஆனால் இடைவேளையில் கொட்டகைக்குள் யார் இருக்கிறார்கள்? மொத்த ஜனமும் முறுக்குக்கும் சோடாவுக்கும் வெளியே போயாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும், தரை டிக்கெட் மணலில் தூங்கிக்கொண்டிருந்த சில குழந்தைகளுமாக எங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த யோசனை அவருடையது. நோட்டீஸ்.

நோட்டீஸ் அடித்து, பேப்பர் போடும் ஏஜென்டிடம் கொடுத்து, ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் ஒன்று வைக்கச் சொல்வது. மிச்சத்தைக் கம்பெனி வாசல் டீக்கடைகளில் கொடுப்பது. செலவு குறைவு. வீட்டுக்கு வீடு போய்ச் சேரும். அந்தச் சமயம் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று ஒரு பேச்சு புதிதாகக் கிளம்பியிருந்தது. ஒரு மிஷினில் போட்ட ஃபிளாப்பியை இன்னொரு மிஷினில் போட்டால் அதற்கும் தொற்றிக்கொள்ளுமாம். அதை எடுக்க அவருக்குத் தெரியும். அதையே பெரிதாகப் போடலாம் என்று முடிவு செய்தார். "கம்ப்யூட்டர் வைரஸ் நீக்கப்படும்" என்று அழகாக எழுதி, பஜார் கோடியில் அச்சகம் வைத்திருக்கும் தங்கவேலுவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

தங்கவேலு கையால் எழுத்துக் கோக்கிறவர். நல்ல மனுஷர். உதவி செய்வதில் அவருக்கு அப்படி ஓர் ஆர்வம். அச்சடித்த கையோடு ஏஜென்டிடமும் டீக்கடைகளிலும் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை எங்கள் வீட்டுப் பேப்பருக்குள்ளிருந்து ரோஸ் கலர் காகிதம் ஒன்று விழுந்தது. எடுத்துப் படித்தேன்.

*வைரஸ் கிருமி உடனே நீக்கப்படும்!*

*அழைத்தால் நேரில் வந்து பார்க்கப்படும். கைதேர்ந்த அனுபவசாலி. முதல் முறை பார்ப்பது இலவசம்.*

கம்ப்யூட்டர் எங்கே?

இருந்தது. கீழே, கடை விலாசத்தோடு, எறும்பு அளவு எழுத்தில்.

என் வீட்டுக்காரர் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் அச்சகத்துக்கு ஓடினார். பின்னாலேயே நானும் போனேன். தங்கவேலு நிதானமாக விளக்கினார்.

"பெரிய எழுத்துல 'யூ' இல்ல சார். கல்யாணப் பத்திரிகைல எவன் சார் 'யூ' போடறான்? அதான் அந்த வார்த்தைய சின்ன எழுத்துல கீழ எறக்கிட்டேன்."

"சரி... 'கிருமி'ன்னு நான் எழுதவே இல்லயே?"

"வைரஸ்னா ஜனங்களுக்குப் புரியுமா சார்? அதான் நானே சேத்தேன். அதுக்குத் தனியா காசு கெடையாது."

அதற்குள் பாதி நோட்டீஸுக்கு மேல் ஊருக்குள் போயாகிவிட்டது.

அன்றைக்கே ஆள் வர ஆரம்பித்துவிட்டது. கூட்டம் என்றே சொல்லலாம்! ஒருவர் மஞ்சள் காமாலைக்கு மருந்து கேட்டார். ஓர் அம்மாள் மகனுக்கு அம்மை இறங்கவில்லை என்றார். இன்னொருவருக்குப் பல வருஷத்துச் சளி. முதல் முறை இலவசம் என்று போட்டிருந்ததால், "சும்மா பாத்துட்டுச் சொல்லு சார்" என்று நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொருவருக்கும் என் வீட்டுக்காரர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர், பஸ் ஏறி வந்த எரிச்சலில் திட்டிவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டருக்கு என்று ஒருவர்கூட வரவில்லை.

அந்த வாரம்தான் பழைய கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. ஓர் இடம் காலியாக இருக்கிறது, விருப்பம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லவும் என்று. பழைய மேனேஜருக்கு அவர்மேல் பிரியம்.

என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்தார். "திங்கக்கெழம போன் பண்ணிடறேன், கமலா" என்றார். "சரிங்க" என்றேன். அவ்வளவுதான். மறுபடி விடியற்காலை பஸ். மறுபடி ராத்திரி வீடு. அதில் என்ன கேவலம் இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் மனுஷர் அன்றைக்கு முழுக்க ஸ்க்ரூ டிரைவர்களை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. ஐப்பசி மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்து எங்கள் கடைக்குள் ஏறினாள். தோளில் புடவையால் சுற்றிய குழந்தை. கையில் நனைந்துபோன ரோஸ் காகிதம்.

"சார்... மூணு நாளா சொரம், வைரஸ் சொரம்னு சொல்றாங்க சார். மண்ணூர்லேர்ந்து வர்றேன். நீங்க எடுப்பீங்கன்னு போட்டுகீதே... கொயந்த கண்ணே தொறக்க மாட்டேங்குது சார்."

எஸ்தர் என்று பெயர். அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நான் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது. நான்கு வயது இருக்கும், பெண் குழந்தை. நான் கையை எடுப்பதற்குள் அதன் உடம்பு விறைத்தது. கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

எஸ்தர் போட்ட சத்தத்தில் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் கையில் சாவிக் கொத்தோடு ஓடிவந்தார். "இரும்ப கைல குடும்மா!" என்று அவர் ஒருபக்கம். நான் ஒருபக்கம் குழந்தையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இது கம்ப்யூட்டர் கடை என்று என் வீட்டுக்காரர் அவளிடம் சொல்லவே இல்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து தள்ளினார்.

"ஏறும்மா. குழந்தைய கெட்டியாப் புடிச்சுக்கோ."

மழையில் ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. உதைத்தார், உதைத்தார்... சைக்கிள் கடைக்காரர் பின்னாலிருந்து தள்ளினார். இருமிக்கொண்டே கிளம்பியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன அந்த ஸ்கூட்டரைப் பார்த்தபடி நான் நின்றேன். கடையைப் பூட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. குடையைப் பிரித்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு இழுப்பு நின்றிருந்தது. கட்டிலில் கிடத்தி, ஈரத் துணியால் உடம்பு முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, குழந்தையின் தலையை மெல்லத் தூக்கி, கழுத்தை வளைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். எஸ்தர் கட்டிலின் கால்பக்கம் நின்று வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

"கழுத்து வளையுது. நல்லது. சில குழந்தைங்களுக்கு ஜுரம் வேகமா ஏறினா இப்படி இழுக்கும். ஆனா நான் பாத்துக்கிட்டே இருக்கணும். ஜுரம் இறங்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. பிறகு எஸ்தரைப் பார்த்தார். "இத்தன நாள் எங்கம்மா போனே?"

எஸ்தர் அந்த நனைந்த நோட்டீஸை நீட்டினாள். "இன்னிக்கு இவருகிட்ட காட்டலாம்னு வந்தேன் டாக்டரம்மா. வைரஸ் எடுக்கறவரு..."

டாக்டரம்மா மெதுவாகத் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"ஓ... அது நீங்கதானா? பஜார்ல எவனோ போலி டாக்டர் வைரஸ் காய்ச்சலுக்கு வைத்தியம் பண்றான்னு நேத்தே எனக்குத் தகவல் வந்தது. போலீஸுக்கு எழுதலாம்னு இருந்தேன்."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற மனுஷர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம், நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவன்..." என்று ஆரம்பித்தார்.

"இதுல கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"கீழ, மேடம்... விலாசத்துக்கு மேல..."

டாக்டரம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். காகிதத்தை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். படித்தார். அவர் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் கட்டிலில் குழந்தை இருக்கிறதே... சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார்.

"இந்தக் காகிதம் இனிமே ஊருக்குள்ள போகக் கூடாது. புரியுதா? இன்னொருத்தி இதை நம்பி உக்காந்திருந்தா என்ன ஆகும்?"

"போகாது மேடம்" என்றார். அதுவரை அந்த நோட்டீஸ் எங்களுக்கு அவமானமாக இருந்தது. அந்த நிமிஷம்தான் அது பயமாக மாறியது.

குழந்தையின் அப்பா அந்தோணிக்கு விஷயம் தெரியாது. காலை ஷிஃப்டுக்குப் போனவன். எஸ்தர் அழுதுகொண்டே கம்பெனி பெயரைச் சொன்னாள். மண்ணூர் ஸ்பிரிங் கம்பெனி. என் வீட்டுக்காரர் மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டில் அதே முனுசாமி.

"இன்னா சார், மறுபடியும் கார்டா?"

"இல்லீங்க. ரெண்டாவது லைன்ல அந்தோணின்னு இருக்காராமே... அவரு குழந்தைய ஆஸ்பத்திரில சேத்திருக்கு. கூட்டிட்டுப் போக வந்தேன்."

முனுசாமி தொப்பியைக்கூட எடுக்காமல் மழையில் உள்ளே ஓடினாராம். சூப்பர்வைசரிடம் பேசி, கேட் பாஸ் எழுதி, அந்தோணியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டது அவர்தான். என் வீட்டுக்காரர் தன் கடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறக்கத் தோன்றவில்லை என்றார்.

சாயந்திரம் மழை விட்டது. ஜுரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாங்கள் நான்கு பேரும் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். முன்பின் தெரியாதவர்கள். ஆனால் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று குழந்தை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. எங்கள் இரண்டு பேரையும் சந்தேகமாகப் பார்த்தது.

"பன்னு வேணும்" என்றது.

அந்தோணி சிரித்துக்கொண்டே அழுதான். எஸ்தர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. டாக்டரம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "பன்னு கேக்கறாளா? அப்ப பயமில்ல. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார்.

பன் வாங்க என் வீட்டுக்காரர் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கடையில் மிச்சமிருந்த நோட்டீஸை எல்லாம் கொண்டுவந்து வெந்நீர் அடுப்பில் போட்டோம். டீக்கடைகளுக்கும் போய்த் திரும்ப வாங்கினார். வாங்க முடிந்ததை வாங்கினார். ஏற்கெனவே ஊருக்குள் போனதைப் பிடிக்க முடியுமா? ஆடு வந்தது அப்படிப் பிடிபடாத ஒரு நோட்டீஸால்தான்.

திங்கட்கிழமை வந்தது. காலையில் குளித்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, எஸ்.டி.டி. பூத்துக்குக் கிளம்பினார். நான் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். இனிமேல் இதை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசித்துக்கொண்டே பெருக்கினேன்.

வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. காக்கிச் சட்டை. நரைத்த மீசை.

"எம்மா, கம்ப்யூட்டர் சார் இல்லியா? நா மண்ணூர் கம்பெனி வாட்ச்மேன், முனுசாமி."

"குழந்தைக்கு என்ன?" என்றேன் பதறிப்போய்.

"கொயந்த ஜோரா கீதும்மா. இது வேற. எங்க கம்பெனில மிஷின் நின்னு பூட்ச்சு. மெட்ராஸுக்குப் போன் போட்டா வியாயக்கெயமதான் வருவானாம். நாந்தான் மேனேஜர் சார்கிட்ட சொன்னேன் — எதுக்கு சார் மெட்ராஸு, இங்கயே ஒரு ஆளு கீறாரு, ஆளு எப்படின்னு நா பாத்துகீறேன்னு. உடனே இட்டுகினு வான்னு சொன்னாரு."

துடைப்பத்தைப் போட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஜாரில் ஓடினேன். ஆமாம், நான்தான்! உங்கள் அபிமான எழுத்தாளர், காய்கறி வண்டிகளுக்கு நடுவில், மூச்சிரைக்க.

பூத்துக்குள் அவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண்ணாடிக் கதவைத் தட்டினேன்.

"பேசிட்டீங்களா?"

"எங்கேஜ்டா இருக்கு. நாலு தடவ போட்டுட்டேன்."

"வெச்சுடுங்க!"

"என்னது?"

"போனை வெச்சுடுங்கன்னா வெச்சுடுங்களேன்!"

வைத்தார்.

மண்ணூர் மிஷினில் என்ன கோளாறு தெரியுமா? திரையில் இருந்த எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று, வேப்பம்பூ உதிர்கிற மாதிரி உதிர்ந்து கீழே போய்க் குவிந்ததாம். யாரோ விளையாட்டு ஃபிளாப்பி கொண்டுவந்து போட்டதில் ஒட்டிக்கொண்டது. வைரஸ்! நிஜ வைரஸ்! இத்தனை பேர் வந்த பிறகு, முதல் முறையாகச் சரியான நோயாளி கிடைத்துவிட்டது. மத்தியானத்துக்குள் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு வந்தார். எழுத்துகள் அதது அதன் இடத்தில் நின்றன.

அன்று சாயந்திரம் அதே பூத்துக்குப் போய், பழைய மேனேஜரிடம், "வரலை சார், மன்னிச்சுக்குங்க" என்று சொன்னார். இந்தத் தடவை லைன் உடனே கிடைத்தது.

பூத்தை விட்டு வெளியே வந்து நின்று, ஒரு பெரிய மூச்சு விட்டார். நானும் விட்டேன். கடையைத் திறந்த ஆனி மாதத்திலிருந்து உள்ளேயே வைத்திருந்த மூச்சு அது.

தங்கவேலுவுக்கு விஷயம் தெரிந்ததும் உற்சாகமாக ஓடிவந்தார். புது நோட்டீஸுக்கு வாசகம்கூடத் தயார். "குழந்தை உயிர் காத்த கம்ப்யூட்டர்காரர்! எப்படி சார்? இந்தத் தடவ 'யூ' வெளியூர்லேர்ந்து வரவழைக்கறேன்."

என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாங்க. ஜுரத்த எறக்குனது டாக்டரம்மா. நான் ஓட்டுனது ஸ்கூட்டர்."

நோட்டீஸ் அடிக்கவில்லை. ஆனால் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்துவார். வாட்ச்மேனின் பெயரைக் கேட்பார். தன் பெயரைச் சொல்வார். வேலை முடிந்து வரும்போது மறுபடி நின்று, "சரியாயிடுச்சுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார். அவ்வளவுதான். வாட்ச்மேன்களுக்கு ஷிஃப்ட் மாறும், கம்பெனி மாறும். டீக்கடையில் ஒன்றாக உட்காருவார்கள். மண்ணூர் கேட்டில் சொன்னது மறைமலை நகர் கேட்டில் தெரிகிறது. இப்போதெல்லாம் ஸ்கூட்டரைத் தூரத்தில் பார்த்தாலே கேட்டைத் திறக்கிறார்களாம்.

விளம்பரம், விளம்பரம் என்கிறோமே... ஊர் முழுக்கக் கத்துவதா விளம்பரம்? நம் பெயர் வெளியில் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது என்பதில் என்ன இருக்கிறது? உள்ளே விடுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நம்மை மனுஷனாகத் தெரிந்துவைத்திருக்கிறாரா என்பதல்லவா விஷயம்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எஸ்தரும் அந்தோணியும் குழந்தையோடு கடைக்கு வந்தார்கள். ஷீலா என்று பெயர். தலையில் ரிப்பன், கையில் பிஸ்கட். நேராக மேஜைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திரையின் தலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். திரும்பி அம்மாவிடம் கவலையாகச் சொன்னாள்:

"எம்மா, இதுக்கும் சுடுது."

எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல், "ஆமாம்மா, அதான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பிஸ்கட்டைக் கடித்தாள்.

இப்போது எனக்கு ஒரே ஒரு தொல்லைதான். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனால் கடையில் ஆள் இருப்பதில்லை. ஒரகடம் போயிருக்கிறார், மறைமலை நகர் போயிருக்கிறார் என்று சைக்கிள் கடைக்காரர் சொல்கிறார். நேற்றும் அப்படித்தான். கேரியரை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

ஆறிப்போன சாம்பார் சாதத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற பெண்டாட்டி, இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!